எஞ்சின் நின்றால்: திருத்துவதா, மாற்றுவதா?

ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் ஊடாக மஸ்கெலியாவுக்கும் பொகவந்தலாவைக்கும் ஏறும் பாதைகளில் ஓடும் ஒரு பழைய வான், பல குடும்பங்களின் அவசர வண்டியும் கூட. இரவில் லயத்திலிருந்து நோயாளியை டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதும் அதுதான். அதன் எஞ்சின் நின்றால், உரிமையாளரின் வருமானமும் நின்றுவிடுகிறது.

புதிய வாகனம் என்பது பலருக்கு எட்டாக் கனி. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. விலையோ பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஆகவே இருப்பதைக் காப்பாற்றுவதே வழி.

முதலில் எது பழுது என்று அறிய வேண்டும். வெள்ளைப் புகையும், பால் கலந்ததுபோன்ற ஒயிலும் ஹெட் காஸ்கட் பழுதைக் காட்டலாம். நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. அடியில் 'டக் டக்' என்று தட்டினால் பெயாரிங் தேய்ந்திருக்கலாம், உடனே நிறுத்துங்கள். பெற்றோல் எஞ்சினில் கம்பிரஷன் குறைவாக இருந்தால், சிலிண்டருக்குள் சிறிது ஒயில் விட்டு மீண்டும் அளக்கச் சொல்லுங்கள். அளவு கூடினால் ரிங் தேய்வு. கூடாவிட்டால் வால்வு அல்லது காஸ்கட்.

காஸ்கட் மட்டும் என்றால் திருத்துவதே இலாபம். முழு எஞ்சினும் தேய்ந்திருந்தால் இரு வழிகள்: ஓவர்ஹோல் செய்வது, அல்லது பாவித்த எஞ்சின் பூட்டுவது. இங்கே 'ரீகண்டிஷன்' என்று விற்கப்படுவது பெரும்பாலும் ஜப்பானில் ஓடிக் கழற்றிய எஞ்சின்தான். உள்ளே புதுப்பித்தது அல்ல.

உதாரணக் கணக்கு ஒன்று. ஓவர்ஹோல் 4 இலட்சம் ரூபா, 4 ஆண்டு ஓடும்; பாவித்த எஞ்சின் 3 இலட்சம், 2 ஆண்டு ஓடும் என்று வைப்போம். ஓவர்ஹோலுக்கு 16 நாள் கூடுதலாகப் போகிறது. நாளுக்கு 3,000 வீதம் இழப்பு 48,000. அதைச் சேர்த்தாலும் ஓவர்ஹோலுக்கு ஆண்டுக்கு 1,12,000, மற்றதற்கு 1,50,000. உங்கள் கராஜ் சொல்லும் தொகைகளைப் போட்டுப் பாருங்கள். மொத்தச் செலவு வாகனத்தின் விலையை நெருங்கினால், உள்ளபடியே விற்பது நல்லது.

எஞ்சினை மாற்றினால் இலக்கமும் மாறும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவைத் திருத்த வேண்டும். எஞ்சின் வாங்கிய பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். லீசிங் வாகனம் என்றால் கம்பனியின் சம்மதம் முதலில் வேண்டும்.

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில், சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் கார்களை ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் ஒயிலை நீர்க்கச் செய்து எஞ்சினைத் தின்றது. ஆனாலும் மெக்கானிக்மார் அவற்றைத் திரும்பத் திரும்பத் திருத்தினார்கள். அன்று வேறு தெரிவு இருக்கவில்லை. இன்று இருப்பதால்தான் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கடைசியாக ஒன்று: மலைப்பாதையில் எஞ்சின் சூடேறி நின்றதென்றால் ரேடியேட்டர், வோட்டர் பம்ப், தேர்மோஸ்டட் மூன்றையும் பார்க்காமல் வேறு எஞ்சின் பூட்டாதீர்கள். பழையதைக் கொன்ற காரணம் அங்கேயே இருந்தால், அடுத்த ஏற்றத்தில் அதுவும் நிற்கும்.