‘ஃபோர்த்வித்’ என்னும் ஒரு சொல்

திருவனந்தபுரம் நகரத்துச் சுவர்களில் ஒட்டப்படும் திரைப்பட விளம்பரங்களில் ‘உடன் வருன்னு’ என்று மலையாளத்தில் பெரிய எழுத்துகளில் அச்சிட்டிருக்கக் காணலாம். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்ற தமிழர் ஒருவர், படம் இதோ வந்துவிட்டது என்றெண்ணிக் கொட்டகைக்குச் சென்றால், அங்கே வேறொரு படம் ஓடிக்கொண்டிருக்கும். அவ்விடத்து ‘உடன்’ என்பதற்கு ‘விரைவில்’ என்பதே பொருள். விளம்பரத்தில் இவ்வாறு மயங்கினால் ஒரு மாலைப்பொழுது வீணாகும், அவ்வளவே. சட்டத்தில் மயங்கினால், ஒரு மனிதன் சிறையில் இருப்பதா, வெளிவருவதா என்பதே மாறிப்போகும்.

மத்திய அரசில் மொழிபெயர்ப்புத் தொழிலை மேற்கொண்டுள்ள நமக்கு, ஆங்கில வினையடைகளுள் மிகுந்த தொல்லை தந்தது ‘ஃபோர்த்வித்’ என்பதேயாகும். பணியில் சேர்ந்த புதிதில் அகராதியைப் பார்த்து ‘உடனே’ என்று எழுதினோம். சில பிரிவுகள் தள்ளி ‘ஆஸ் சூன் ஆஸ் மே பீ’ என்ற தொடர் வந்தது. அதற்கும் ‘உடனே’ என்றே எழுதிவிட்டோம். கோப்பைப் பார்த்த மேலதிகாரி, “சட்டம் செய்தவர் இரண்டு சொற்களை இட்டிருக்க, நீர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டீரே?” என்று கேட்டார். விடை கூற இயலவில்லை.

அவ்விடையை உச்ச நீதிமன்றத்தின் 1956ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றில் பின்னர்க் கண்டோம். மாநிலங்களைத் திருத்தியமைப்பதை ஒட்டிப் பம்பாயில் பெருங்கலவரம் மூண்ட ஆண்டு அது. 1950ஆம் ஆண்டுத் தடுப்புக் காவல் சட்டத்தின்படி, சிலரைக் காவலில் வைக்க அந்நகரப் போலீஸ் கமிஷனர் ஜனவரி 13ஆம் நாள் ஆணையிட்டார். அவ்வாறு ஆணையிடும் அதிகாரி, அச்செய்தியை மாநில அரசுக்கு ‘ஃபோர்த்வித்’ அறிவித்தல் வேண்டும் என்பது சட்டம். அறிக்கை சென்றதோ 21ஆம் நாள். எட்டு நாள் கழித்து அனுப்பியதை அவ்வாறு அனுப்பியதாகக் கொள்ளலாகுமா என்பது ஜோக்லேகர் வழக்கில் எழுந்த வினா.

தீர்ப்பின் சாரம் இது: ‘ஃபோர்த்வித்’ என்பது கண்ணிமைக்கும் நேரத்தைக் குறிப்பதன்று, தவிர்த்திருக்கக்கூடிய தாமதம் சிறிதும் இன்றிச் செய்வதைக் குறிப்பது. மற்றத் தொடரோ அத்துணைக் கண்டிப்பு உடையதன்று. செயலுக்கு நியாயமாக வேண்டப்படும் காலத்தை அது தருகிறது. ஆகவே நாட்களை எண்ணிப் பார்த்தால் மட்டும் போதாது. தாமதம் எதனால் நேர்ந்தது என்று கேட்டல் வேண்டும். கலவரத்தை அடக்கும் பணியில் போலீசார் ஈடுபட்டிருந்தமையால், அந்த எட்டு நாள் தாமதத்தை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அமைதி நிலவும் ஊரில் அதே எட்டு நாள் கழிந்திருந்தால் அது எடுபட்டிராது என்பது நம் கருத்து.

அச்சட்டம் 1969ஆம் ஆண்டின் முடிவோடு மறைந்தது. ஆயினும் சொல் மறையவில்லை. 1980ஆம் ஆண்டுத் தேசியப் பாதுகாப்புச் சட்டத்திலும் அதே கடமைக்கு அதே சொல் நிற்கிறது.

இச்சொல்லின் பிறப்பை ஆராய்ந்தால் வியப்பு உண்டாகும். அதன் பிற்பகுதியாகிய ‘வித்’ என்பது நம் ‘உடன்’ உருபேதான். இடைக்கால ஆங்கிலத்தில் ‘கூடவே’ என்ற பொருளில் வழங்கி, பின்பு ‘அக்கணமே’ என்றாயிற்று. தமிழிலும் ‘அவனுடன்’ என்பதும் ‘வந்தவுடன்’ என்பதும் ஒரே சொல்லின் இரு கிளைகள் அல்லவா? ஒரு செயலோடு மறு செயல் ஒட்டிக்கொண்டே வரவேண்டும் என்பது இரு மொழிகளுக்கும் பொதுவான எண்ணம்.

ஆனால் மனிதரின் சோம்பல் இத்தகைய சொற்களைத் தளர்த்திவிடுகிறது. ‘சூன்’, ‘பிரசெண்ட்லி’ ஆகிய ஆங்கிலச் சொற்களும் ஒரு காலத்தில் ‘இக்கணமே’ என்று பொருள்பட்டவையே. பிறகு ‘சிறிது பொறுத்து’ என்றாயின. ‘இதோ வந்துவிட்டேன்’ என்று வீட்டிலிருந்தே கூறுகின்ற நண்பர்கள் நமக்கும் உண்டு! சட்டத்தின் காவலில் இருந்தமையால் ‘ஃபோர்த்வித்’ அவ்வாறு தளராமல் தப்பியது போலும்.

இனி வழக்கைக் கவனிப்போம். ஆங்கிலத்தில் இவ்வினையடை தான் தழுவும் வினையை ஒட்டி நிற்கும். தமிழில் வாக்கியத்தின் முதலிலே அதனை வைத்துவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. ‘உடனே ஆணையிட்டு அரசுக்கு அறிவித்தல் வேண்டும்’ என்று எழுதினால், அவசரம் ஆணையிடுவதற்கு ஆகிவிடும். அறிவிப்பதற்கு அவசரமே இல்லை! ‘ஆணையிட்டு, அரசுக்குத் தாமதமின்றி அறிவித்தல் வேண்டும்’ என்பதே முறை. ‘உடனே’ என்பதை விட்டுத் ‘தாமதமின்றி’ என்று நாம் கொள்வதற்கும் காரணம் உண்டு. தாமதம் நேர்ந்தால் அதற்குக் காரணம் காட்டும் பொறுப்பை அச்சொல் அதிகாரியின் தலைமேல் வைக்கிறது. மற்றத் தொடருக்கு ‘இயன்ற விரைவில்’ என்பது பொருந்தும். பேச்சு வழக்கில் ‘உடனே’ என்பதற்குக் குறையொன்றும் இல்லை.

இவ்வாறு திருத்திக் கோப்பை மீண்டும் அனுப்பினோம். மேலதிகாரி மறுப்பேதும் எழுதாமல் கையொப்பமிட்டிருந்தார். அது நம் மேசைக்குத் திரும்பிவரத்தான் ஒன்பது நாள் ஆயிற்று.