பலெர்மோ: மூடப்பட்ட ஆறுகளும் வடியாத நிலமும்

இத்தாலியின் சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவில் ஜூலை மாதத்தில் மழை பெய்வது அரிது. ஆனால் 2020ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் தேதி, நகரின் காவல் புனிதையான சாந்தா ரொசாலியாவின் திருநாளன்று, சுமார் இரண்டு மணி நேரத்தில் 100 மில்லிமீட்டருக்கும் அதிகமான மழை அங்கு கொட்டியது.

நகரைச் சுற்றிச் செல்லும் முக்கிய நெடுஞ்சாலையின் சுரங்கப்பாதைகளில் நீர் நிரம்பி, வாகனங்கள் மூழ்கின. பலர் வாகனங்களைக் கைவிட்டு நீந்தித் தப்பினர். இருவர் உயிரிழந்திருக்கக்கூடும் என்ற அச்சத்தில் தீயணைப்புப் படையின் முக்குளிப்போர் இரவு முழுவதும் தேடினர். இறுதியில் உயிரிழப்பு எதுவும் இல்லை என்பது உறுதியானது.

இந்த வெள்ளத்துக்கு மழையின் கடுமையும் அடைபட்ட வடிகால்களும் காரணங்களாகக் கூறப்பட்டன. ஆனால் இந்நகரில் நீர் ஏன் மீண்டும் மீண்டும் தேங்குகிறது என்பதைப் புரிந்துகொள்ள, அது எத்தகைய நிலத்தின் மீது கட்டப்பட்டுள்ளது என்பதையும் பார்க்க வேண்டியுள்ளது.

இரு ஆறுகளுக்கு நடுவே ஒரு நகரம்

பினீசிய வணிகர்கள் இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கும் முன்னர் பலெர்மோவை நிறுவியபோது, அது இரு சிற்றாறுகளுக்கு இடைப்பட்ட ஒரு குறுகிய மேட்டு நிலமாக இருந்தது. வடக்கே பப்பிரெத்தோ, தெற்கே கெமோனியா. இரண்டும் இன்று லா காலா என்று அழைக்கப்படும் துறைமுகத்தில் கலந்தன. அந்தத் துறைமுகம் அக்காலத்தில் இப்போதுள்ளதைவிட வெகுதூரம் நகருக்குள் நீண்டிருந்தது.

பப்பிரெத்தோ என்ற பெயரே பப்பைரஸ் என்னும் கோரைச் செடியிலிருந்து வந்தது. பத்தாம் நூற்றாண்டில் இங்கு வந்த அரபுப் பயணி இப்னு ஹவ்கல், நகரை ஒட்டிய சதுப்பில் அச்செடி வளர்ந்ததையும், அதன் பெரும்பகுதி கப்பல்களுக்கான கயிறாகத் திரிக்கப்பட்டதையும் பதிவு செய்துள்ளார்.

ஆண்டு முழுவதும் நீர் தேங்கிய மண்ணில்தான் இத்தகைய செடி செழித்து வளரும். கோடையில் மழையே காணாத ஒரு நகரில் அப்படிப்பட்ட மண் இருந்ததற்குக் காரணம் நிலத்தடியில் உள்ளது. பலெர்மோ சமவெளியின் மேற்பகுதியில் நுண்துளைகள் நிறைந்த மணற்சுண்ணாம்புப் பாறை இருக்கிறது. மலைகளிலிருந்து வரும் நீர் அதில் எளிதாக ஊடுருவும். ஆனால் அதற்குக் கீழே களிமண் படுகை உண்டு. அதைத் தாண்டி நீர் இறங்க முடியாது. எனவே அது பக்கவாட்டில் நகர்ந்து, பள்ளமான இடங்களில் ஊற்றாக வெளிப்படுகிறது.

இந்த அமைப்பை நன்கு அறிந்திருந்தவர்கள், அரபு ஆட்சிக் காலத்து மரபைப் பின்பற்றி, 'கனாத்' எனப்படும் மெல்லிய சரிவுடைய நிலத்தடிக் கால்வாய்களை வெட்டி அந்த நீரைக் குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்படுத்தினர். அவற்றில் சில இன்றும் உள்ளன.

வடக்கே அதே வேலையைச் செய்வது பனிக்கட்டி

நீர் வடியாத மண்ணைப் பூமியின் வடகோடியில் உள்ள வெள்ளச் சமவெளிகளிலும் காணலாம். சைபீரியாவின் லேனா, ஓப், கனடாவின் மெக்கென்சி போன்ற ஆறுகளின் கரைகளில் 'பெர்மாஃப்ராஸ்ட்' எனப்படும் நிரந்தர உறைநிலம் பரவியுள்ளது. தொடர்ந்து குறைந்தது இரண்டு ஆண்டுகள் பூஜ்யம் டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழான வெப்பநிலையில் இருக்கும் நிலத்தையே இவ்வாறு அழைக்கின்றனர்.

கோடையில் இந்நிலத்தின் மேலடுக்கு மட்டும் உருகுகிறது. அதன் கீழுள்ள உறைந்த மண், பலெர்மோவின் களிமண்ணைப் போலவே நீரைத் தடுத்து நிறுத்துகிறது. லேனா நதிக்கரையிலுள்ள யாகூட்ஸ்க் நகரில் ஓராண்டில் பெய்யும் மழையும் பனியும் பலெர்மோவில் பெய்வதில் பாதிக்கும் குறைவு. இருப்பினும் அங்குள்ள ஆற்றோரத் தாழ்நிலங்கள் கோடையில் சேறாகவும் குட்டைகளாகவும் காட்சியளிக்கின்றன. காற்று புகாத அந்த மண் சாம்பல் நீல நிறம் கொள்கிறது. தாவரக் கழிவுகள் முழுமையாக மக்காமல் அடுக்கடுக்காகச் சேர்கின்றன.

இரண்டுக்கும் இடையே முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. களிமண் உருகாது, பனிக்கட்டி உருகும். புவி வெப்பமடையும்போது உறைநிலத்தில் உள்ள பனிக்கட்டி கரைந்து, மேலேயுள்ள நிலம் தாழ்ந்துவிடுகிறது. சாலைகளும் கட்டடங்களும் சாய்கின்றன. மக்காமல் கிடந்த பொருட்கள் சிதைந்து, கரியமில வாயுவும் மீத்தேனும் வெளியேறுகின்றன. வடபுல உறைநிலப் பகுதிகளின் மண்ணில் உள்ள கார்பனின் அளவு, தற்போது வளிமண்டலத்தில் உள்ளதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு என விஞ்ஞானிகள் மதிப்பிடுகின்றனர்.

ஆறுகள் மறைந்தன, பள்ளங்கள் மறையவில்லை

பலெர்மோவில் மாற்றத்தைக் கொண்டுவந்தது வெப்பமல்ல, மனிதர்களின் கட்டுமானம். 1557ஆம் ஆண்டு செப்டம்பரில், மலைகளிலிருந்து வந்த வெள்ளம் நகரின் மதிலை உடைத்து, கெமோனியாவின் பழைய பாதை வழியே பாய்ந்தது. ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்ததாக வரலாற்றுப் பதிவுகள் கூறுகின்றன. மழைக்காலத்தில் மட்டும் சீறிப் பாய்ந்த அந்த ஆற்றை மக்கள் 'கெட்ட வானிலையின் ஆறு' என்றே அழைத்தனர்.

பப்பிரெத்தோவின் சதுப்பு நோய்களின் பிறப்பிடமாகக் கருதப்பட்டது. மலேரியா என்ற சொல்லே 'கெட்ட காற்று' எனப் பொருள்படும் இத்தாலியச் சொற்களிலிருந்து பிறந்தது என்பது குறிப்பிடத்தக்கது. 1591இல் அந்தச் சதுப்பு வடிக்கப்பட்டு, ஆறு நிலத்தடிக் கால்வாய்க்குள் அடைக்கப்பட்டது. அதன் மீது தெருக்களும் வீடுகளும் எழுந்தன.

ஆனால் 1931 பிப்ரவரியில் பெய்த பெருமழையின்போது, வெள்ளம் தேங்கி நின்றது அந்தப் பழைய பள்ளங்களில்தான். ஆறு மறைந்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலான பிறகும் நீர் அதே வழியில் வந்தது.

நிலநடுக்கங்களும் இதையே காட்டுகின்றன. 1726, 1823, 1940 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்த நிலநடுக்கங்களின் சேதப் பதிவுகளை இத்தாலிய ஆய்வாளர்கள் வரைபடத்தில் குறித்துப் பார்த்தபோது, பழைய ஆற்றுப் பாதைகளின் மீது நின்ற கட்டடங்களே அதிகம் பாதிக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. நீர் நிறைந்த மென்மையான வண்டல், கெட்டியான பாறையைவிடப் பன்மடங்கு அதிர்வைப் பெருக்குவதே இதற்குக் காரணம்.

பழத்தோட்டங்கள் இருந்த இடத்தில்

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் இப்பிரச்சினை நகரின் வெளிப்பகுதிக்கும் பரவியது. 'பொற்கிண்ணம்' என்று பெயர் பெற்ற பலெர்மோ சமவெளி, எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களால் நிறைந்திருந்தது. 1950களில் தொடங்கி, ஊழல் அரசியல்வாதிகளும் மாஃபியா குழுக்களும் கைகோத்து நடத்திய கட்டுமானங்கள் அத்தோட்டங்களின் பெரும்பகுதியை விழுங்கின. 'பலெர்மோ சூறையாடல்' என்றே இத்தாலியர்கள் அதைக் குறிப்பிடுகின்றனர்.

தோட்டத்து மண் உறிஞ்சிய மழைநீர், இப்போது தார்ச் சாலைகளிலும் கான்கிரீட்டிலும் வழிந்தோடுகிறது. மலையிலிருந்து கடலுக்குச் செல்லும் அதன் பாதையைக் குறுக்கே வெட்டிச் செல்லும் நெடுஞ்சாலையின் தாழ்வான இடங்களே சுரங்கப்பாதைகள். 2020இல் நீர் அங்கே சேர்ந்ததில் வியப்பில்லை.

நகரின் தென்பகுதியில், பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒரெத்தோ ஆற்றின் மீது கட்டப்பட்ட 'கடற்படைத் தளபதியின் பாலம்' இன்றும் நிற்கிறது. வெள்ளத்துக்கு அஞ்சி 1938இல் ஆறு திருப்பிவிடப்பட்டதால், அதன் வளைவுகளுக்குக் கீழே இப்போது புல்வெளியே உள்ளது. அப்பாலம் 2015இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களில் இடம்பெற்றது.

யாரைப் பாதிக்கிறது?

ஆற்றுப் பள்ளங்களில் வசிப்பவர்களில் பலர் வசதி குறைந்தவர்கள். கெமோனியாவின் பாதையை ஒட்டிய பல்லாரோ சந்தைப் பகுதியில், 1980கள் முதல் குடியேறிய இலங்கைத் தமிழர்களும் ஆப்பிரிக்க, வங்கதேசக் குடியேறிகளும் பழைய கட்டடங்களில் வாழ்ந்துவருகின்றனர். மோந்தே பெல்லெக்ரீனோ மலையிலுள்ள சாந்தா ரொசாலியாவின் குகைக் கோயிலுக்குத் தமிழர்கள், இந்துக்கள் உட்பட, நடந்து செல்வது அந்நகரில் நன்கு அறியப்பட்ட காட்சி. ஆனால் தாங்கள் குடியிருக்கும் தெருக்களுக்கு அடியில் ஓர் ஆறு இருந்ததை வாடகைக்கு வருபவர்களுக்கு எவரும் சொல்வதில்லை.

தமிழ்நாட்டிலும் இதே கதை உண்டு. சென்னையின் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் சுருங்கி, அதைச் சுற்றிலும் குடியிருப்புகள் பெருகிய பின்னர், 2015 மற்றும் 2023 டிசம்பர் வெள்ளங்களில் வேளச்சேரி போன்ற பகுதிகள் மூழ்கின.

பலெர்மோவில் மாற்றத்துக்கான அறிகுறிகள் தென்படுகின்றன. பாதுகாக்கப்பட வேண்டிய இடங்களைப் பொதுமக்களே தேர்ந்தெடுக்கும் இத்தாலிய வாக்கெடுப்பு ஒன்றில், 2018இல் ஒரெத்தோ ஆறு நாட்டளவில் இரண்டாம் இடம் பெற்றது. எனினும் ஏற்கனவே கட்டப்பட்ட நகரைப் பெயர்த்தெடுக்க முடியாது. மழைநீரைத் தேக்கிவைக்கத் திறந்த இடங்களை ஒதுக்குவது, எஞ்சியுள்ள ஆற்றங்கரையில் கட்டடங்களைத் தடுப்பது, பழைய நீர்வழிகளை நகர வரைபடங்களில் குறிப்பது ஆகியவையே நடைமுறையில் சாத்தியமானவை.

யாகூட்ஸ்கில் பல கட்டடங்கள் நிலத்தைத் தொடாமல் தூண்களின் மீது நிற்கின்றன. கீழேயுள்ள மண் எத்தகையது என்பதை அங்கு கட்டுபவர்களால் மறக்க இயலாது. மத்தியதரைக் கடலோர நகரங்களில் அதை மறப்பது எளிது. அடுத்த பெருமழை வரும்வரை மட்டுமே அந்த மறதி நீடிக்கும்.