தோல்வியை ஏற்பதும் ஜனநாயகமே

2022 நவம்பரில் நடந்த 15ஆவது பொதுத்தேர்தலில்தான் என்னைப் போன்ற 18 வயதினர் முதன்முறையாக வாக்களித்தோம். எந்தக் கூட்டணிக்கும் தனிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. உடனே மே 13 கலவரத்தைச் சொல்லி மிரட்டும் காணொலிகள் டிக்டாக்கில் பரவின. கூலிமில் என் நண்பர்கள் சிலர் அந்தத் தேதியைப் பற்றிக் கேட்கத் தொடங்கியதே அப்போதுதான்.

1969 மே 10 பொதுத்தேர்தலில் ஆளும் கூட்டணி பெரும் பின்னடைவைச் சந்தித்தது. மூன்றே நாளில் கோலாலம்பூரில் இனக்கலவரம் வெடித்தது. அரசாங்கக் கணக்குப்படி 196 பேர் மாண்டனர். அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. துன் அப்துல் ரசாக் தலைமையில் தேசிய நடவடிக்கை மன்றம் நாட்டை நடத்தியது. நாடாளுமன்றம் மீண்டும் கூடியது 1971 பிப்ரவரியில்தான்.

நம்மைப் போலவே 1957இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்ற நாடு, ஆப்பிரிக்காவின் கானா. 1966இல் அங்கே இராணுவம் குவாமே நிக்ருமாவின் ஆட்சியைக் கவிழ்த்தது. 1981 வரை இராணுவப் புரட்சிகள் தொடர்ந்தன. 1992இல் புதிய அரசமைப்புச் சட்டம் வந்தது. 2008 அதிபர் தேர்தலில் ஆளுங்கட்சி வேட்பாளர் சுமார் 40,000 வாக்குகளில் தோற்றார்; ஆட்சி அமைதியாகக் கைமாறியது. 2012இல் தோற்ற தரப்பு உச்ச நீதிமன்றத்தை நாடியது. வழக்கிலும் தோற்றபோது தீர்ப்பை ஏற்றுக்கொண்டது.

நம் நாட்டிலும் 2018 மே 9 தேர்தலில், 61 ஆண்டுகளாக ஆண்ட கூட்டணி தோற்றது. கலவரம் எதுவும் நடக்கவில்லை.

எந்தக் கட்சிக்கு வாக்களிப்பது என்பது அவரவர் விருப்பம். ஆனால், நாம் ஆதரித்தவர் தோற்றாலும் முடிவை மதிக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் நீதிமன்றம் இருக்கிறது. அடுத்த தேர்தலில் யாராவது மே 13 காணொலி அனுப்பினால், மற்றவருக்கு அனுப்பாமல் அங்கேயே நிறுத்துங்கள், நண்பர்களே.