நெய்வேலியில் ‘ஸ்பேஸ்’

“எனக்குக் கொஞ்சம் ஸ்பேஸ் வேணும்மா” என்று வயசுப்பிள்ளை சொன்னால், அறைக் கதவு சாத்தப்படப் போகிறது என்று பொருள். வானவெளி, காலி இடம், இரண்டு சொல்லுக்கு நடுவே விடும் இடைவெளி என்று அளந்து காட்டக்கூடியவற்றைக் குறித்த ஆங்கிலச் சொல், இன்று மனத்தாங்கலுக்கும் கௌரவத்துக்கும் சேர்த்து உழைக்கிறது. நெய்வேலி நகரியத்தில் அதைக் கேட்டால் எனக்குச் சற்று வேடிக்கையாக இருக்கும். வெட்டி எடுத்தால்தான் ஸ்பேஸ் என்று அறிந்த ஊர் அது.

1957 மே 20-ல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில். நான்கு ஆண்டுகளுக்கு மேல் வெறும் மண்ணைத்தான் அள்ளிக்கொண்டிருந்தார்கள்! இன்றும் ஒரு டன் நிலக்கரிக்கு ஐந்தாறு கன மீட்டர் மேல்மண்ணை அகற்ற வேண்டும். ராட்சத பக்கெட் வீல் இயந்திரம் முன்னால் வெட்ட, கன்வேயர் பெல்ட் சுமந்துபோக, நிலக்கரி எடுத்து முடித்த பின்பக்கத்தில் ஸ்பிரெட்டர் கொட்டுகிறது. ஆகவே பள்ளம் ஓரிடத்தில் நிற்பதில்லை, நகர்கிறது.

வெட்டிய இடமும் சும்மா கிடப்பதில்லை. நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தில் இருக்கும் நிலத்தடி நீர், சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ விசையில் மேலே முட்டுகிறது. மேலிருக்கும் பாரத்தை எடுத்துவிட்டுச் சும்மா இருந்தால் சுரங்கத்தின் தரையே பிளந்துவிடும். அதனால் இரவும் பகலும் பம்புகள் ஓடுகின்றன.

நகரியத்தில் தெருக்கள் அகலம். சுரங்க நிறுவனத்தின் குவார்ட்டர்ஸைச் சுற்றி மரம் வைக்க இடமுண்டு. கட்டம் கட்டமாகப் பிரித்த குடியிருப்புக்கு ‘வட்டம்’ என்று பெயர் வைத்தவரின் ரசனையும் தனி. ஆனால் அப்பா ஓய்வு பெற்றால் சாவியைத் திருப்பித் தந்தாக வேண்டும். ஸ்பேஸ் கேட்ட பிள்ளையின் அறையும் அதில் சேர்த்தி.

சுரங்கத்தின் ஓரத்துக் கிராமங்களில் இந்தச் சொல்லுக்குப் பூடகம் எதுவும் இல்லை. பள்ளம் நகர நகர, பரவனாற்றுக்கே மாற்று வழி வெட்ட வேண்டியதாயிற்று. அதற்காக 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயல்களுக்குள் இயந்திரங்கள் இறங்கின. எப்போதோ கையகப்படுத்திய நிலம் என்றது நிறுவனம். அது காகிதத்தில் உண்மைதான். காகிதத்தில் காலியான இடத்தில் பயிர் நின்றதுதான் சிக்கல். சென்னை உயர் நீதிமன்றம் ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அது பயிருக்கு மட்டும். இடத்தைப் பற்றிய பேச்சு வேறு.