முன்பே ஒருவர் கண்டுபிடித்துவிட்டாரா?

மாணவ நண்பர்களே, நீங்கள் கரையான்சாவடியில் குடியிருப்பதாக வைத்துக்கொள்வோம். பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையிலிருந்து ஆவடிக்குச் சாலை பிரியும் இடம் அது. மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோவதும், மொட்டை மாடித் தொட்டி நிரம்பித் தண்ணீர் தெருவில் வழிவதும் சென்னைப் புறநகர் எங்கும் காணும் காட்சிதானே! இதைத் தடுக்க ஒரு வழி உங்களுக்குத் தோன்றுகிறது.

போர்வெல் தண்ணீரில் உப்புகள் கரைந்திருக்கின்றன. ஆகவே அது மின்சாரத்தைச் சிறிதளவு கடத்தும். தொட்டியின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே இரண்டு தாமிரக் கம்பிகளை நிறுத்துகிறீர்கள். தண்ணீர் உயர்ந்து இரண்டையும் தொட்டவுடன் மிகச் சிறிய மின்னோட்டம் பாயும். ஒரு டிரான்சிஸ்டர் அதைப் பெருக்கி பஸ்ஸரை ஒலிக்கச் செய்யும். பதினைந்து நாள் மாலைப் பொழுதுகள் செலவாகின்றன. கருவி ஒலிக்கிறது! அறிவியல் கண்காட்சியில் வைக்கலாம். தெருவில் பத்து வீடுகளுக்குச் செய்து விற்கலாம். பின்னாளில் ஒரு சிறு தொழிலே தொடங்கலாம் என்று எண்ணம் ஓடுகிறது.

மறுநாள் ஒயர் வாங்க எலெக்ட்ரிகல் கடைக்குப் போகிறீர்கள். சுவரில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி தொங்குகிறது. அதே கம்பிகள், அதே பஸ்ஸர். “இதுவா? இது ரொம்ப நாளாவே வருதே!” என்கிறார் கடைக்காரர்.

தொண்டை அடைத்துக்கொள்கிறது. வீட்டுக்கு வந்து கருவியைப் பரணில் போட்டுவிடுகிறீர்கள். யாரேனும் கேட்டால், ‘சும்மா செய்து பார்த்தேன்’ என்று சொல்லிவிடுகிறீர்கள். இப்படிப் பரண் ஏறிய கருவிகள் எத்தனையோ! அவற்றோடு, ‘இனி எனக்கு எதுவும் புதிதாகத் தோன்றாது’ என்ற எண்ணமும் சேர்ந்து வீட்டுக்குள் குடியேறிவிடுகிறது. கருவி போனால் இன்னொன்று செய்துகொள்ளலாம். இந்த எண்ணத்தை வெளியேற்றுவதுதான் கடினம்.

கூரையில் மறைந்த தாள்கள்

இந்த வேதனையைக் கணிதமேதை இராமானுஜனும் அறிவார். கும்பகோணத்தில் பள்ளியில் படித்த நாட்களில், சைன், கொசைன் தொடர்பான சில தேற்றங்களை அவர் தாமாகவே கண்டடைந்தார். பிறகுதான் தெரிந்தது, அவற்றை 18ஆம் நூற்றாண்டிலேயே சுவிட்சர்லாந்து நாட்டவரான ஆய்லர் கண்டுவிட்டார் என்பது. சிறுவன் இராமானுஜன் என்ன செய்தார் தெரியுமா? தம் முடிவுகளை எழுதிய தாள்களை வீட்டுக் கூரையில் செருகி மறைத்துவிட்டார்! அவரை நன்கறிந்தவர்கள் எழுதிய வாழ்க்கைக் குறிப்பில் இச்செய்தி உள்ளது.

அதே இராமானுஜனுக்கு 1917இல் மீண்டும் அப்படியொரு நிலை வந்தது. அப்போது அவர் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் இருந்தார். இந்தியாவில் இருந்தபோதே அவர் இரண்டு அழகான சமன்பாடுகளைக் கண்டிருந்தார். ஆனால் அவரிடம் நிரூபணம் இல்லை. ஹார்டி முதலிய பெரிய கணித அறிஞர்களாலும் நிரூபிக்க முடியவில்லை. 1916இல் மக்மஹோன் என்பவர் தம் நூலில் அவற்றை நிரூபணம் இல்லாமலே வெளியிட்டார்.

அவற்றுள் ஒன்றை எண்களைக் கொண்டு எளிதாக விளக்கலாம். 9 என்ற எண்ணைச் சிறு எண்களின் கூட்டலாகப் பிரியுங்கள். ஒரு நிபந்தனை: எந்த இரண்டு எண்களுக்கும் இடையே குறைந்தது 2 வித்தியாசம் இருக்க வேண்டும். 9, 8+1, 7+2, 6+3, 5+3+1 என்று ஐந்து வழிகள் கிடைக்கும். இனி வேறொரு நிபந்தனை: ஐந்தால் வகுத்தால் மீதி 1 அல்லது 4 வரும் எண்களை மட்டுமே பயன்படுத்த வேண்டும், ஒரே எண் திரும்ப வரலாம். 9, 6+1+1+1, 4+4+1, நான்கும் ஐந்து ஒன்றுகளும், ஒன்பது ஒன்றுகள். இப்போதும் ஐந்தே வழிகள்! எந்த எண்ணை எடுத்தாலும் இவ்விரு எண்ணிக்கைகளும் சமமாகவே இருக்கும். வியப்பல்லவா?

1917இல் பழைய கணித இதழ்களைப் புரட்டிக்கொண்டிருந்த இராமானுஜன், தற்செயலாக ஒரு கட்டுரையைக் கண்டார். எல். ஜே. ரோஜர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1894இல் எழுதியது. அதே சமன்பாடுகள், நிரூபணத்தோடு! இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அதை யாரும் கவனிக்கவில்லை.

இம்முறை இராமானுஜன் எதையும் மறைக்கவில்லை. ரோஜர்ஸின் பணியை மனமாரப் பாராட்டினார். இருவருக்கும் கடிதப் போக்குவரத்து தொடங்கியது. அதன் பயனாக ரோஜர்ஸின் நிரூபணம் மேலும் எளிமையாயிற்று. இராமானுஜனும் தாமே ஒரு நிரூபணம் கண்டார். 1919இல் இரண்டும் சேர்ந்தே வெளிவந்தன. மறக்கப்பட்டிருந்த ரோஜர்ஸுக்கு 1924இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் என்ற பெருமையும் கிடைத்தது. ‘ரோஜர்ஸ்-இராமானுஜன் சமன்பாடுகள்’ என்று இன்றும் இருவர் பெயரும் இணைந்தே நிற்கின்றன. 1980இல் ஆஸ்திரேலியாவின் பாக்ஸ்டர், பொருள்களின் நிலைமாற்றத்தை ஆராயும் இயற்பியல் கணக்கொன்றில் இச்சமன்பாடுகளையே மீண்டும் சந்தித்தார்.

போட்டியாளர் என்று எண்ணத்தக்க ஒருவர், உங்கள் கேள்வியை நன்றாகப் புரிந்துகொள்ளக்கூடிய மிகச் சிலரில் ஒருவராகவும் இருக்கலாம் அன்றோ?

ஒரே சமயத்தில் இருவர்

‘எப்படி இருவருக்கு ஒரே எண்ணம் தோன்றும்?’ என்று நீங்கள் கேட்கலாம். ஒரு கேள்விக்கு விடை காணும் காலம் கனிந்துவிட்டால், பல இடங்களில் பலர் அதை நோக்கி நடப்பார்கள். 1923இல் காம்ப்டனின் ஆய்வு, ஒளி துகள்களைப் போலவும் மோதுகிறது என்று காட்டியது. அதன் பிறகு ஒளிச்சிதறலைப் பலர் ஆராய்ந்தனர். 1928 பிப்ரவரி 28ஆம் நாள் கொல்கத்தாவில் சர் சி. வி. இராமன், கே. எஸ். கிருஷ்ணனின் துணையோடு புதிய ஒளிச்சிதறலைக் கண்டார். அதே மாதம் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டெல்ஸ்டாம் என்ற இருவரும் குவார்ட்ஸ் படிகத்தில் அதே விளைவைப் பார்த்திருந்தனர். ஒருவரைப் பற்றி மற்றவருக்குத் தெரியாது. இராமன் விரைந்து வெளியிட்டார். 1930இல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

ஆகவே, உங்கள் எண்ணம் இன்னொருவருக்கும் தோன்றியிருக்கிறது என்றால், நீங்கள் நடந்த பாதை சரியானது என்றும் பொருள். கடையில் அக்கருவி விற்கிறது என்றால், மக்களுக்கு அது தேவைப்படுகிறது, பணம் கொடுத்தும் வாங்குகிறார்கள் என்பதும் தெளிவாகிறது.

கிண்டியிலிருந்து ஒரு விடை

சென்னையிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தோல், தசைநாண், எலும்பு ஆகியவற்றுக்கு உறுதி தருவது கொலாஜன் என்ற புரதம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் அதன் அமைப்பை ஆராய்ந்தனர். மூன்று இழைகளைக் கொண்ட அமைப்பு என்று 1954இல் ‘நேச்சர்’ இதழில் அறிவித்தனர். மறு ஆண்டே அந்த மூன்றும் கயிறுபோல் முறுக்கிக்கொண்டிருக்கின்றன என்று திருத்தமும் தந்தனர்.

அதே 1955இல் கேம்பிரிட்ஜிலிருந்து ரிச், கிரிக் இருவரும் தங்கள் மாதிரியை வெளியிட்டனர். டி.என்.ஏ.யின் அமைப்பைக் கண்டு புகழ்பெற்ற அதே கிரிக்! முறுக்கிய மூன்று இழைகளை அவர்களும் ஏற்றுக்கொண்டனர். ஆனால் சென்னை மாதிரியில் சில அணுக்கள் ஒன்றையொன்று மிகவும் நெருங்கிவிடுகின்றன என்று குறை கூறினர். மனம் நோவதற்கு இது போதாதா?

இராமச்சந்திரன் அந்தக் குறையையே தம் அடுத்த கேள்வியாக எடுத்துக்கொண்டார். ‘மிகவும் நெருக்கம் என்கிறார்களே, உண்மையில் எவ்வளவு நெருங்கலாம்?’ சசிசேகரன், இராமகிருஷ்ணன் ஆகியோரோடு, ஏற்கெனவே அறியப்பட்ட படிக அமைப்புகளைத் தேடி அணுக்களுக்கிடையே உள்ள தூரங்களைத் தொகுத்தார். புரத இழையின் கண்ணிகள் எந்தக் கோணங்களில் திரும்பலாம், எந்தக் கோணங்களில் அணுக்கள் முட்டிக்கொள்ளும் என்று கணக்கிட்டு ஒரு வரைபடம் ஆக்கினார். 1963இல் வெளியான அதுவே ‘இராமச்சந்திரன் வரைபடம்’. கொலாஜனுக்கு மட்டுமன்றி எல்லாப் புரதங்களுக்கும் பொருந்துவது. உலகில் எங்கே ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டாலும், அது சரியா என்று இன்றும் இவ்வரைபடத்தில் வைத்துப் பார்க்கிறார்கள்.

இனி உங்கள் கருவி

முதலில், வருத்தப்படுவது தவறன்று. இரண்டு நாள் வருந்துங்கள். அந்த இரண்டு நாளில் எந்த முடிவும் எடுக்காதீர்கள். பிறகு கடைக்காரரிடம் அந்தப் பெட்டியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்; அதைப் பொருத்தியிருக்கும் வீடுகளில் விசாரியுங்கள். எதை நன்றாகச் செய்கிறது? எங்கே பழுதாகிறது? யாருக்குப் பயன்படவில்லை?

நேர்மின்னோட்டம் பாயும்போது, நேர்முனையில் உள்ள தாமிரக் கம்பி சிறிது சிறிதாகக் கரையும். பச்சைக் களிம்பும் பூக்கலாம். எதிர்முனையில் சுண்ணாம்புப் படிவு சேரும். உப்பு மிகுந்த தண்ணீரில் இவை விரைவாகவே நிகழும். அப்படியானால் உலோகம் தண்ணீரைத் தொடாமலே செய்ய முடியுமா? மிதவையில் ஒரு சிறு காந்தம். காந்தம் அருகே வந்தால் தானே இணையும் ரீட் சுவிட்ச் ஒன்று. இதை முயலலாம் அல்லவா? காது மந்தமான பாட்டி தனியே இருக்கும் வீட்டில் பஸ்ஸரால் என்ன பயன்? அங்கே சிவப்பு விளக்கு வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்த்தபின், கடைக் கருவியே எல்லா வகையிலும் சிறந்தது என்று தெரியவும் கூடும். அப்போது ஒத்துக்கொண்டு வேறு கேள்விக்குப் போகலாம். பற்றவைக்கக் கற்ற கையும் டிரான்சிஸ்டரைப் புரிந்துகொண்ட அறிவும் உங்களிடமே இருக்கும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். கண்காட்சியில் வைத்தால், ‘இவ்வகைக் கருவி கடையில் கிடைக்கிறது, நான் மாற்றியது இது’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முன்னவரின் பெயரைச் சொன்னதால் இராமானுஜனின் பெயர் சிறுத்துவிடவில்லை.

இப்போது ஒரு வேலை. 10 என்ற எண்ணை மேலே சொன்ன இரு நிபந்தனைகளின்படியும் பிரித்துப் பாருங்கள். இரண்டிலும் ஆறு வழிகள் வர வேண்டும். பிறகு 11, 12 என்று தொடருங்கள். நீங்கள் காணப்போவதை ரோஜர்ஸ் 1894லேயே கண்டுவிட்டார். அதனால் உங்கள் மகிழ்ச்சி குறைகிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.