பஸ் ஏறிப் போன பால்யம்

மேற்கு லண்டனின் சவுத்ஹாலில் பஞ்சாபிக் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் பக்கத்துத் தெருவிலேயே இருந்தது. இடம்தான் இல்லை. வெள்ளையர் பெற்றோர்கள் முணுமுணுக்க, குடியேறியவர்களின் பிள்ளைகள் எந்தப் பள்ளியிலும் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம் என 1965இல் கல்வித்துறை சுற்றறிக்கை அனுப்பியது. மிஞ்சியவர்களை ஈலிங் நகரசபை தினமும் பஸ்ஸில் ஏற்றித் தொலைவிலுள்ள பள்ளிகளுக்கு அனுப்பியது.

ஒருங்கிணைப்பாம்! எதிர்த்திசையில் ஒரு வெள்ளைக் குழந்தைகூட பஸ் ஏறவில்லை.

மணியடித்ததும் பஸ் கிளம்பிவிடும். மாலை விளையாட்டு கிடையாது. வகுப்பில் சிநேகிதன் கிடைத்தாலும் அவன் வீடு எட்டாத தூரம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஓடிப் போய் அழைத்துவர முடியாது. அப்பா தொழிற்சாலையில் ஷிப்டில் இருப்பார்.

1980களின் தொடக்கத்தில்தான் இந்த ஏற்பாடு நின்றது. முதலில் பஸ் ஏறிய பிள்ளைகளுக்கு அதற்குள் கல்யாண வயது.