டிஸ்ப்ளே வரவில்லை

பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே பூட்டிய கம்ப்யூட்டர். பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, மதர்போர்டில் விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் சென்னை ரிச்சி தெருவில் போய் ‘டிஸ்ப்ளே வரல’ என்றால் போதும், புரிந்துகொள்வார்கள். பலர் பதறிப்போய் எல்லாவற்றையும் கழற்றி மாட்டத் தொடங்குகிறார்கள். அதற்கு முன்பு கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: எதுவரை போய் நின்றது? பட்டனுக்கும் திரைக்கும் இடைப்பட்ட அந்தச் சில நொடிகளில் கம்ப்யூட்டர் கண்டிப்பான ஒரு வரிசைப்படிதான் விழிக்கிறது. ஒரு படி தேறாமல் அடுத்த படிக்குப் போகாது. நின்ற இடம் தெரிந்தால் கோளாறு இருக்கும் இடமும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

முதலில் மின்சாரம். கேபினட்டில் உள்ள பட்டன் எதையும் நேராக ஓட்டுவதில்லை. மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். ஓய்ந்திருக்கும்போதும் 5 வோல்ட்டில் சிறிதளவு மின்சாரத்தை மதர்போர்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. பட்டன் செய்வதெல்லாம் போர்டில் உள்ள இரண்டு ஊசிகளை ஒரு கணம் இணைப்பது மட்டும். அதை உணர்ந்து போர்டு எஸ்.எம்.பி.எஸ்.ஸை எழுப்புகிறது. பட்டனை அழுத்தி ஒன்றுமே நடக்காவிட்டால், அந்த இரண்டு ஊசிகளையும் ஸ்குரூடிரைவர் நுனியால் லேசாகத் தொட்டு இணைத்துப் பாருங்கள். ஓடத் தொடங்கினால் பழுது பட்டனிலோ அதன் ஒயரிலோதான். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும்.

எஸ்.எம்.பி.எஸ். எழுந்த உடனே பிராசசர் ஓடிவிடுவதில்லை. வோல்ட்டேஜ்கள் தள்ளாடாமல் நிலைபெற்ற பிறகு, 100 முதல் 500 மில்லி நொடிக்குள், ‘மின்சாரம் சரி’ என்று ஒரு குறிப்பு போர்டுக்கு வருகிறது. அதுவரை பிராசசர் கட்டிப்போடப்பட்ட நிலையில் இருக்கும். அதற்கு வேண்டியது ஏறத்தாழ 1 வோல்ட். 12 வோல்ட்டை அந்த அளவுக்கு இறக்கும் சுற்றுக்கென்று, போர்டின் மேல் ஓரத்தில் தனியாக ஒரு 8 ஊசி இணைப்பு உண்டு. புதிதாகப் பூட்டுபவர்கள் அதிகம் மறப்பது இதைத்தான். ஃபேனுக்கும் விளக்குக்கும் போர்டின் முக்கிய மின் இணைப்பிலிருந்தே மின்சாரம் போய்விடுவதால் எல்லாம் ஓடுவதுபோலத் தெரியும், பிராசசருக்கோ ஒன்றும் போய்ச் சேர்ந்திருக்காது.

இனிமேல்தான் அதிசயம். கட்டு அவிழ்ந்த பிராசசருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: முதல் கட்டளையை எந்த முகவரியில் எடுக்க வேண்டும் என்பது. 1978இல் வந்த இன்டெல் 8086, தன் 1 மெகாபைட் முகவரிப் பரப்பின் உச்சியிலிருந்து 16 பைட் கீழே அதைத் தேடியது. அதன் வழிவந்த பிற்கால இன்டெல் பிராசசர்கள் 4 ஜிகாபைட் எல்லைக்கு 16 பைட் கீழே தேடுகின்றன. 16 பைட்டில் பெரிதாக எதையும் எழுத முடியாது. ‘இன்ன இடத்துக்குப் போ’ என்று சொல்லலாம், அது போதும். போகும் இடம், கம்ப்யூட்டரை எழுப்பும் நிரலான பயாஸ். போர்டில் உள்ள சின்னஞ்சிறு ஃபிளாஷ் சிப்பில் அது எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

ஆனால் எந்த நிரலுக்கும் இடையில் வரும் கணக்குகளைக் குறித்துக்கொள்ள இடம் வேண்டும். ரேம் இன்னும் தயாராகவில்லை. அதைத் தயார் செய்யும் நிரலுக்கே ரேம் வேண்டியிருக்கிறது! இந்த முட்டுச்சந்திலிருந்து வெளியேற வழி கண்டவர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் மரியாதை பெருகுகிறது. இன்டெல் போர்டுகளில், பிராசசருக்குள்ளேயே இருக்கும் கேஷ் நினைவகத்தைத் தற்காலிகமாக ரேமின் வேலையைச் செய்ய வைக்கிறார்கள். ஏஎம்டி ரைசனில், உள்ளே இருக்கும் சிறு துணைப் பிராசசர் ஒன்று முதலில் எழுந்து ரேமைச் சீராக்கிவிட்டுத்தான் பெரிய கோர்களை எழுப்புகிறது.

சீராக்குவது என்றால் என்ன? ‘6000’ என்று விற்கப்படும் டிடிஆர்5 ரேமை எடுத்துக்கொள்வோம். தரவு செல்லும் ஒவ்வொரு தடத்திலும் நொடிக்கு 600 கோடி பிட்டுகள் போகின்றன. ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 167 பிக்கோ நொடி. அந்த நேரத்துக்குள் மின்குறிப்பு செம்புத் தடத்தில் சுமார் 2.5 சென்டிமீட்டர்தான் நகரும். பிராசசரிலிருந்து ரேமுக்குப் போகும் தடம் அதைவிட நீளம். ஆகவே ஒரு பிட் போய்ச் சேருமுன்பே அடுத்த பிட் கிளம்பிவிடுகிறது. ரேம் ஸ்லாட்டை ஒட்டிச் சில தடங்கள் நெளிந்து நெளிந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். நீளங்களைச் சமன் செய்யத்தான் அந்த நெளிவு. அப்படியும் மிச்சமிருக்கும் வித்தியாசத்தை ஒவ்வொரு தடமாகச் சோதித்துத்தான் ஈடுகட்ட வேண்டும். பழைய ரேடியோவில் குமிழை இப்படியும் அப்படியும் திருப்பி, இரண்டு பக்கமும் எங்கே இரைச்சல் தொடங்குகிறது என்று பார்த்து நடுவில் நிறுத்துவோமே, அதே முறைதான் இதுவும். தெரிந்த ஒரு வரிசையை எழுதிப் படித்து, பிழை தொடங்கும் இரு ஓரங்களையும் கண்டு, நடுவில் நிற்க வேண்டும்.

இதற்கு நேரம் பிடிக்கும். டிடிஆர்5 போர்டுகளில் முதல்முறை ஆன் செய்யும்போது சில நிமிடங்கள்கூடத் திரை இருண்டே கிடக்கலாம். கெட்டுப்போய்விட்டது என்று எண்ணிப் பாதியில் அணைப்பவர்கள் உண்டு. மறுபடி போட்டால் சோதனை முதலிலிருந்து தொடங்கும். பொறுத்திருங்கள்.

பொறுத்தும் வராவிட்டால் ஒரே ஒரு ரேமை, கையேடு சொல்லும் ஸ்லாட்டில் மட்டும் மாட்டிப் பாருங்கள். இரண்டு நுனியிலும் கிளிக்கென்று உட்கார வேண்டும். அழிரப்பரால் ரேமின் தங்க முனைகளைத் தேய்ப்பது நம் ஊரில் பழகிப்போன வைத்தியம். பெரும்பாலும் வேலை செய்வது ரப்பர் அல்ல, கழற்றி மறுபடி அழுத்தமாக மாட்டியதுதான் என்பது என் எண்ணம். மெல்லிய தங்கப் பூச்சைத் தேய்த்து எடுக்காமல், முதலில் கழற்றி மாட்டிப் பார்ப்பதே நல்லது.

எங்கே நின்றது என்பதைப் போர்டே சொல்ல முயலும். 1981இல் வந்த ஐபிஎம் பிசி, சோதனை தேறினால் ஒரு முறை ‘பீப்’ என்றது. இன்றும் போர்டில் சிறிய ஸ்பீக்கரை மாட்டினால் பீப்களை எண்ணிக் கையேட்டோடு ஒப்பிடலாம். பல போர்டுகளில் சிபியு, ரேம், விஜிஏ, பூட் என நான்கு சிறு விளக்குகள் உண்டு. எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் தடங்கல். விஜிஏ விளக்கு நின்றால் கிராபிக்ஸ் கார்டைக் கவனியுங்கள். எந்த விளக்கும் நிற்காமல் திரை மட்டும் இருண்டிருந்தால் கேபிள் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். பெயரின் முடிவில் ‘எஃப்’ உள்ள இன்டெல் கோர் பிராசசர்களில் படம் காட்டும் பகுதி கிடையாது. மதர்போர்டில் உள்ள எச்டிஎம்ஐ துளையில் கேபிளைச் செருகினால் எத்தனை நேரமானாலும் ஒன்றும் தெரியாது.

‘பூட் டிவைஸ் இல்லை’ என்று திரையில் எழுத்து வந்துவிட்டால் மகிழ்ச்சியடையலாம். இதுவரை சொன்ன அத்தனை படியும் தேறிவிட்டது. இனி பயாஸ் தேடுவது இயங்குதளத்தின் முதல் துண்டை. பழைய முறையில் அது வட்டின் முதல் 512 பைட், அதன் கடைசி இரண்டு பைட்டில் 55, ஏஏ என்ற அடையாளம். இப்போதைய யுஇஎஃப்ஐ முறையில் தனிப் பகுதியில் உள்ள ஒரு கோப்பு. எஸ்எஸ்டி நல்ல நிலையில் இருந்தும் தென்படவில்லை என்றால் கையேட்டின் அட்டவணையைப் பாருங்கள். சில போர்டுகளில் எம்.2 ஸ்லாட் ஒன்றை நிரப்பினால் சாட்டா போர்ட் ஒன்றிரண்டு செயலிழந்துவிடும். கேபிளைப் பக்கத்துப் போர்ட்டுக்கு மாற்றினால் வந்துவிடும்.